இராமலிங்கம் மாஸ்டரும் காகிதக் கடல் விமானமும்

போன செவ்வாய்க்கிழமை டயகம பஸ் கண்டக்டர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "வாத்தியாரய்யா, ராமலிங்கம் மாஸ்டர் போயிட்டாருங்க. காலையிலதான்." துக்கத்துக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. ஏன் என்பதை மறைக்காமல் எழுதினால்தான் இது அவருக்கு அஞ்சலியாகும்.

தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அவர் தலைமையாசிரியர், நான் உதவி ஆசிரியர். அவரை அறியாதவர்களுக்கு ஓர் உதாரணம்: மழையில் நனைந்து வரும் பிள்ளைகளின் தலையைத் தம் சால்வையால் துவட்டிவிட்ட பிறகுதான் பெயர் கூப்பிடுவார்.

இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பம் எழுதிய காலம் அது. எல்லாரையும் இந்தியாவுக்கு ஏற்றிவிடுவார்கள் என்ற பேச்சு தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களில் ஓயவில்லை. எழுதத் தெரியாதவர்கள் தங்கள் பத்திரங்களை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் மேசை முழுக்க அவைதாம்.

தோட்டத்தில் துணை மேலாளராக இருந்து சீமைக்குத் திரும்பிய சின்னதுரை ஒருவர் அவருக்கு ஒரு பெரிய உறையைக் கொடுத்திருந்தார். உள்ளே, வெட்டி ஒட்டிச் செய்யும் பழைய போர்க்காலக் கடல் விமானம், அச்சிட்ட அட்டைத் தாள்களாக இருந்தது. பள்ளி விட்டதும் இருவரும் அதில் உட்கார்ந்துவிடுவோம்.

"இதுல ஏத்தித்தான் நம்மள அனுப்பப் போறாங்களோ, மாஸ்டர்?"

"நீங்க ஒட்டுன றெக்கையா? இங்க இருக்கிற வட்டவளை வரைக்கும்கூடத் தாங்காது, போங்க வாத்தியாரே!"

தண்ணீரில் நிற்பதற்கான மிதவைத் தாள் மட்டும் ஈரத்தில் ஊறிப் பிய்ந்திருந்தது. ஒருநாள் அவர் வருவதற்குள் செய்து வைக்கலாமென்று, மேசையில் கிடந்த தடித்த அட்டையை எடுத்து வெட்டினேன். கத்தரி பாதி போனதும் நடுவில் ஒரு மெல்லிய தாள் தெரிந்தது. கொழுந்து பறிக்கும் கறுப்பாயி அக்காவின் பிறப்புச் சான்று. லயத்துக் கூரை ஒழுகுமே என்று, அக்கா அதை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து ஓரமெல்லாம் கூழால் ஒட்டிப் பத்திரப்படுத்தியிருந்தார். இந்த மண்ணில் பிறந்தவர் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி. குடியுரிமை விசாரணைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. வெட்டுப்பட்ட சான்றை வெள்ளைத் தாளில் பொருத்தி ஒட்டினார். முத்திரை மட்டும் பிளந்தே நின்றது.

விசாரணையில் அதிகாரி அதைத் தூக்கிப் பிடித்து, யார் வெட்டியது என்று அதட்டினார். கறுப்பாயி அக்கா அழத் தொடங்கினார். என் விண்ணப்பமும் அதிகாரி முன்னால் அதே கட்டுக்குள் இருந்தது. சொன்னால் அதையும் தள்ளிவிடுவார்களே என்று பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"நான்தாங்க. வெறும் அட்டைன்னு நெனச்சு வெட்டிட்டேன். அந்தம்மா மேல தப்பு இல்லீங்க" என்றார் மாஸ்டர்.

அதிகாரி அவர் பெயரைக் குறித்துக்கொண்டார். அக்காவுக்கு நகல் எடுக்கத் தவணை கிடைத்தது. பிறகு குடியுரிமையும் கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. மாஸ்டரின் விண்ணப்பம் தள்ளுபடியானது. அந்தக் குறிப்பால்தானா? இன்றுவரை தெரியாது. உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று ஒருமுறை கேட்டேன்.

"அத நோண்டாதீங்க. உங்களையும் தள்ளிட்டாங்கன்னா புள்ளைங்களுக்கு யாரு சொல்லிக் குடுக்கறது?"

நானும் அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். இந்தியாவுக்குக் கப்பல் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அவர் தகரப்பெட்டியைக் கட்டி வைப்பார். எந்த நாட்டுக்கும் உரியவராகாமலே கண்ணை மூடினார். இனி உண்மையை நான்தான் சொல்லியாக வேண்டும்; கண்டக்டர் வந்து நின்றபோது எழுந்த பயம் அதுதான்.

சாவு வீட்டில் கறுப்பாயி அக்கா மாலையை வைத்துவிட்டுச் சொன்னார்: "என் பொறப்புச் சீட்ட வெட்டுனாலும் தங்கமான மனுசன்."

"அவரு வெட்டலக்கா. நான்தான் வெட்டுனேன்."

அக்கா என்னையே பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மாஸ்டரின் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

பாடை தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கிப் போனது. போய் வாருங்கள், மாஸ்டர். அந்தத் தப்பு இனி என் பெயரில் இருக்கட்டும்.