ஜான் பாஷா எண்ணிய மூச்சு

செஞ்சியில் ஜான் பாஷாவுக்கு எதிரே உட்கார்ந்து டீ குடிக்க யாருக்கும் தைரியம் கிடையாது. முகத்தைப் பார்த்துப் பேசவே மாட்டார். கண் நேராக நம் வயிற்றுக்குப் போய் அங்கேயே நிற்கும். உதடு மட்டும் அசையும். நம் மூச்சை எண்ணுகிறாராம்! எதுக்குய்யா என் மூச்சு உனக்கு என்று கேட்டால், "பழக்க தோஷம்பா" என்பார்.

கால்நடை மருந்தகத்தில் முப்பது வருஷமாக உதவியாளர். சந்தையில் ஆடு நடந்து வரும்போதே சொல்லிவிடுவார். "இடது முன்னங்கால்ல கோளாறு. அந்தக் கால ஊனும்போது தலையை மேல தூக்குது பாரு, பாரத்தைக் குறைக்கப் பாக்குது." குளம்பைப் பிரித்துப் பார்த்தால் முள் இருக்கும். கன்று பிறந்து மூச்சில்லாமல் கிடந்தால், அதன் வாயை இறுகப் பொத்தி, மூக்கில் தன் வாயை வைத்து ஊதுவார். சளியெல்லாம் தாடியில் ஒட்டும், பார்க்கவே குமட்டும். கன்று காதை ஆட்டியதும் எழுந்து போய் முகம் கழுவிக்கொள்வார்.

நல்ல வித்தைதான், யார் இல்லையென்றது? ஆனால் மாட்டைப் பார்க்கிற கண்ணை மனுஷன் மேல் வைக்கலாமா? பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழம் விற்ற பொன்னுசாமியிடம், "மூச்சு சரியில்ல, ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். நாலாம் நாள் பொன்னுசாமி செத்துப்போனார். அன்றிலிருந்து ஊரில் பாய்க்கு எமன் கண் என்று பேச்சு.

அந்தப் பேச்சை அதிகம் பரப்பியவன் நான்தான். செந்தமிழன், மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிறவன், வாய் கொஞ்சம் நீளம். போன கார்த்திகையில் என் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் ஈரக் கடலைச்செடியை மூக்கு முட்டத் தின்றுவிட்டு, வயிறு உப்பி வந்து நின்றது. ரோட்டில் போன பாய் கேட்டுக்கு வெளியே நின்றார்.

"இடுப்பெலும்புக்கு முன்னால பசிக்குழி பள்ளமா இருக்கணும்பா. பானையாட்டம் நிக்குது. வயித்துல இருக்குற காத்து நுரையீரலை நசுக்குது. அந்த இடத்துல ஒரு குத்து குத்திக் காத்தை விடறேன், கேட்டைத் திற."

"இன்னாது, குத்தப் போறியா? கண்ணு வச்சது பத்தலையா உனக்கு?" என்று கேட்டில் பூட்டைப் போட்டேன். டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் அனந்தபுரத்தில் இருந்தார். வருவதற்குள் மாடு நாக்கைத் தள்ளிக்கொண்டு சாய்ந்தது. பாய் அதுவரைக்கும் கேட்டுக்கு வெளியேதான் நின்றார், உதடு அசைந்தபடி. "இனிமே இந்தக் கேட்டைத் தாண்டுனே, காலை ஒடிச்சிடுவேன்!" என்று கத்தினேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

இந்த ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூர் போய், விடியற்காலை ஸ்பெஷல் பஸ்ஸில் திரும்பினோம். அலுப்பில் வெறும் தரையிலேயே படுத்தேன். தூக்கத்தில் கை விரலில் எறும்பு கடித்தாற்போல் இருந்தது. எழுந்தபோது வயிற்றுவலி. இமை தூக்க முடியவில்லை. "ராத்திரி பூரா முழிச்சது சொக்குது, படுங்க" என்றாள் என் மனைவி கவிதா. அம்மன் ஊஞ்சல் பார்த்துவிட்டு வந்தவனுக்குக் கண் சொக்கினால் எங்கள் பக்கம் யார் சந்தேகப்படுவார்கள்? நானும் படுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நாக்கு புரளவில்லை. அப்புறம் கை வரவில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்டது.

தம்பி குரு என் மூக்கில் விரல் வைத்தான். "அண்ணி... மூச்சு இல்ல அண்ணி."

கவிதா போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. உயிரோடுதான்டி இருக்கிறேன் என்று உள்ளே கத்துகிறேன், ஒரு மயிர்கூட அசையவில்லை. வாசலில் கொண்டுவந்து கிடத்தி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். தாடையைச் சுற்றி வாய்க்கட்டு கட்டினார்கள். மேலே வேட்டியைப் போர்த்தினார்கள். மூக்குக்குப் பஞ்சு வாங்க ஆள் போயிற்று. ஐஸ் பெட்டிக்கும் சொல்லியாயிற்று. அந்தப் பெட்டிக்குப் போன மாசம் மோட்டார் கட்டிக் கொடுத்தவனே நான்தான். மூடி எவ்வளவு இறுக்கம் என்று எனக்குத் தெரியும். ஐயோ, அப்படி ஒரு பயம் எந்த மனுஷனுக்கும் வரக் கூடாது.

அப்போது கேட்டருகில் ஒரு செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"அங்கேயே நில்லு பாய்" என்றான் குரு. "அண்ணன் சொன்னது ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது. அந்தத் துணியைக் கொஞ்சம் இறக்குப்பா. வயித்தைப் பாக்கணும்."

"உசுரோட இருக்கும்போது எண்ணுனது பத்தலையா? போயிடுங்க!" என்று கவிதா கத்தினாள். விடுங்கடி அந்த ஆளை, உள்ளே விடுங்கடி என்று நான் கதறியது யாருக்குக் கேட்கும்? நான் பூட்டிய கேட்டை நானே திறக்க முடியாமல் கிடந்தேன்.

செருப்புச் சத்தம் கேட்டை விட்டு நகரவில்லை. பிறகு வெளியிலிருந்து சத்தமாக, "ஒண்ணு" என்றார்.

நெஞ்சு அசைவது எப்போதோ நின்றுவிட்டது. விலாவுக்குக் கீழே மட்டும் ஏதோ ஒன்று எள்ளளவு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது ஏறி மேலே கிடந்த வேட்டி அசையும்போதுதான் அவர் சொன்னார்.

"ரெண்டு."

ஒப்பாரி ஒவ்வொரு குரலாக அடங்கியது. "மூணு... நாலு..." ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெகு நேரம் ஆயிற்று. ஏழு என்றார். எட்டுக்கு இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

கேட் தடதடவென்று ஆடியது. தொப்பென்று யாரோ குதித்தார்கள். வாய்தான் ஏற்கெனவே கட்டியிருந்ததே, பாய்க்கு அது வசதியாகப் போயிற்று. என் மூக்கில் வாயை வைத்து ஊதினார். ஏலக்காய் டீ வாசனையும் சாணி வாசனையும் நெஞ்சுக்குள் இறங்கியது. "செத்தவன் வயிறு ஏறுமாடா? விரல்ல பல்லு பட்டிருக்குது பாரு, கட்டுவிரியன் கடிச்சிருக்குதுடா! ஆம்புலன்சுக்குப் போன் போடு!" என்று நடுவில் ஒரு கத்தல். மறுபடி ஊதல். ஆஸ்பத்திரியில் மெஷின் வைக்கிற வரைக்கும் நிறுத்தவே இல்லை.

இருபது நாள் கழித்து வீடு வந்தேன். பாய் பார்க்க வந்து, கேட்டுக்கு வெளியே நின்றார். நானே போய்த் திறந்தேன்.

"உள்ள வாங்க பாய்." உட்கார்ந்ததும், இத்தனை நாள் தொண்டையில் நின்றதைக் கேட்டேன். "அன்னிக்கி என் மாட்டுக்கும் எண்ணுனீங்களே. எவ்ளோ?"

"அறுநூத்திப் பதினொண்ணு. நீ பூட்டு போட்டப்புறம் அறுநூத்திப் பதினோரு தடவை இழுத்துச்சு. ஒவ்வொண்ணுக்கும், இதோ திறப்பான்னு நெனைச்சேன்."

"எனக்கு மட்டும் ஏழுலேயே குதிச்சிட்டீங்க?"

"அன்னிக்கிக் குதிக்காம நின்னேன் இல்ல, அதான்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.