ஸ்டோருக்குப் பின்னால் ஒரு புதையல்

எண்பத்திரண்டோ எண்பத்திமூன்றோ, சரியாக நினைவில்லை. காலாண்டுப் பரீட்சை லீவு என்பது மட்டும் நிச்சயம். ஏனென்றால் மலையில் காய் எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் வெறுமனே காய் என்றால் ஏலக்காய்தான். போடிமெட்டைத் தாண்டி, கேரள எல்லைக்குள் ஒரு ஏலத்தோட்டத்தில் எனக்கு வேலை. பறித்து வருகிற பச்சைக் காயை விறகு அடுப்புச் சூட்டில் உலர்த்தும் கட்டடம் என் பொறுப்பில் இருந்தது. சூடு கூடினால் காயின் பச்சை போய்விடும், குறைந்தால் புழுங்கிவிடும். அதனால் சீசன் நேரத்தில் வாரக்கணக்கில் வீட்டுக்கு இறங்க முடியாது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் போடியில் இருந்தார்கள்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் சிறுவர்களுக்கான துப்பறியும் கதை, புதையல் கதை என்றால் சோறு வேண்டாம். ஊருக்கு இறங்கும்போதெல்லாம் வாடகைப் புத்தகக் கடையில் ஒன்றிரண்டு எடுத்து வந்து பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன். ஒரு முறை எடுத்த புத்தகத்தில் கடைசிப் பக்கங்களை யாரோ கிழித்திருந்தார்கள். குகைக்குள் என்ன இருந்தது என்று தெரியாமல் இரண்டு பேரும் தூங்க மறுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் நானே ஒரு முடிவைச் சொன்னேன். அதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் சொந்தமாக எழுத ஆரம்பித்தேன். என் கதைகளில் ஒரு ஆள் தவறாமல் வருவான். புதையலைத் தேடிப் போகும் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே வழியை மாற்றிச் சொல்லுகிறவன். அவன் வந்துவிட்டால் என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்து, "நம்பாத, நம்பாத" என்று கதைக்குள் இருக்கிறவர்களுக்கே எச்சரிக்கை கொடுப்பாள்.

அந்த லீவுக்கு இருவரையும் ஜீப்பில் மலைக்குக் கூட்டி வந்தேன். மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு, மகன் மூன்றாவது. மறுநாள் எனக்கு அடுப்பை விட்டு நகர முடியாத வேலை. பிள்ளைகளுக்குப் பொழுது போகவேண்டுமே என்று ஒரு பிஸ்கட் டப்பாவில் ஆரஞ்சு மிட்டாயும் புதிதாக எழுதிய கதையும் போட்டு ஒளித்து வைத்தேன். ஒரு துண்டுக் காகிதத்தில் புதிர் எழுதி மகள் கையில் கொடுத்தேன். 'ஸ்டோருக்குப் பின்னால் இறங்கு. தண்ணீர் பேசும் இடத்தில் பெட்டி தூங்குகிறது.'

மலையில் நாங்கள் ஸ்டோர் என்று சொல்வது காய் உலர்த்தும் கட்டடத்தை. சொல்லிச் சொல்லிப் பழகியதில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கட்டடத்துக்குப் பின்னால் படி இறங்கினால் ஒரு தண்ணீர்த் தொட்டி. குழாயிலிருந்து எந்நேரமும் சொட்டிக்கொண்டிருக்கும். அடுப்படியில் நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரம். அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

போடியில் வளர்ந்த பிள்ளைகளுக்கோ ஸ்டோர் என்றால் கடை. முந்தின நாள் ஜீப்பை விட்டு இறங்கிய ரோட்டோரத்தில் ஒரு மளிகைக்கடை இருந்தது. அதன் பலகையில் மலையாளத்துக்குக் கீழே தமிழில் 'ஸ்டோர்ஸ்' என்று எழுதியிருந்ததை மகள் சத்தமாக வாசித்துக்கூடக் காட்டினாள். நான்தான் காதில் வாங்கவில்லை. அந்தக் கடைக்குப் பின்னாலும் சரிவு உண்டு. அங்கேயும் தண்ணீர் பேசும். ஆனால் அந்த மழை மாதங்களில் அது பேச்சு இல்லை, இரைச்சல். ஆளை உருட்டிக்கொண்டு போகிற ஓடை.

வெகுநேரமாகியும் தொட்டிப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் டப்பா வைத்தது வைத்தபடி இருக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. வெளியே மூடுபனி இறங்கி, பக்கத்துச் செடியே மங்கலாகத்தான் தெரிந்தது. காய் மூட்டையோடு வந்த ஒரு அம்மாவிடம் பிள்ளைகளைப் பார்த்தாயா என்று கேட்டேன். அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஸ்டோரு எங்க இருக்குன்னு என்கிட்டதான் கேட்டுச்சுக அண்ணே. இந்தா மொகத்துக்கு நேரா புகைஞ்சுக்கிட்டு நிக்கிதேன்னு கையக் காட்டுனேன். ஒண்ண ஒண்ணு பாத்துக்கிருச்சுக. 'இந்த அக்கா வழிய மாத்திச் சொல்லுதுடா, வாடா'ன்னு தம்பிய இழுத்துக்கிட்டு உங்க மக ரோட்டப் பாத்து ஓடுறா. என்னையப் பாத்தா ஏமாத்துறவ மாதிரியாண்ணே இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோடு என்றதும் கடைப் பலகை கண்முன் வந்துவிட்டது. அவளை அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். ஈர மண்ணில் இரண்டு முறை சறுக்கி விழுந்தேன். ஓடும்போது என்னை வதைத்தது பனியோ தண்ணீரோ இல்லை. வழியில் யாராவது நல்ல மனிதர் பார்த்துத் தடுத்தாலும் என் பிள்ளைகள் நிற்கமாட்டார்களே என்பதுதான். தடுக்கிறவரை நம்பாதே என்று அத்தனை கதையிலும் எழுதிக் கொடுத்தவன் நான்தானே.

கடையை நெருங்கும்போது என் மகனுடைய குரல் கேட்டது. உயிர் வந்தது.

"இந்தப் பூனை?"

"பூனையும் விக்கும் மோனே. எலி பிடிக்காது, அதுகொண்டு விலை கொறவு."

"அப்ப அந்தக் கடிகாரம்?"

"அதும் விக்கும். ஓடாது."

கடைக்காரர் மலையாளி. என் வயதுதான் இருக்கும், முன்பின் பழக்கமில்லை. பின்பக்கம் இறங்குகிற சந்து வழியை மறித்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் இருவரும் கடை முழுக்க ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் என்னைப் பார்த்ததும், "அப்பா, சொல்லிக் குடுத்துறாதீங்க, நாங்களே கண்டுபிடிச்சுருவோம்" என்றாள்.

நடந்ததைக் கடைக்காரர் தணிந்த குரலில், மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். பிள்ளைகள் வந்ததும் நேரே பின்பக்கம் போயிருக்கிறார்கள். போகாதே, வெள்ளம் வருது என்று இவர் கத்தியிருக்கிறார். உடனே என் மகள் தம்பியிடம், "இவரும் அந்த ஆளுதான்டா" என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டிருக்கிறாள். இவர் அதட்ட அதட்ட அவர்கள் வேகம்தான் கூடியிருக்கிறது. அப்போதுதான் அவள் கையிலிருந்த காகிதம் கண்ணில் பட்டிருக்கிறது. தமிழ் பேசுவாரே தவிர அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஏதோ விளையாட்டு என்று புரிந்துகொண்டு, அதட்டலை அப்படியே விட்டுவிட்டுக் குரலை இறக்கியிருக்கிறார்.

"வந்துட்டியா மோளே? ஞான் உங்களத்தான் காத்திருந்தேன். இவிடத்துக் காவல்காரன் ஞானாணு. என் புதிருக்குப் பதில் சொன்னாத்தான் பின்னால விடும்."

ஓடின கால்கள் நின்று திரும்பின. இந்தக் கடையில் ஒரு பொருள் மட்டும் விற்பனைக்கு இல்லை, அது எது? இதுதான் அவர் போட்ட புதிர். எதைக் கேட்டாலும் விக்கும், விக்கும் என்று சொல்லி, தேடிக்கொண்டு யாராவது வருகிறவரை அவர்களை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறார். அதற்குள் சாமான் வாங்க வந்த இரண்டு பேருக்கு உப்பும் மண்ணெண்ணெயும் கூடக் கொடுக்காமல், ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமல்.

விடை என்ன என்று அவர் காதோரம் கேட்டேன்.

"ஆர்க்கறியாம்?" என்றார், யாருக்குத் தெரியும் என்று கையை விரித்து. "ஒண்ணும் யோசிக்கல. நீங்கதான புதிரு எழுதுன ஆளு, போற வழியில ஒண்ணு உண்டாக்கிக்கோ."

பிள்ளைகளின் கையைப் பிடித்துச் சந்தின் ஓரம்வரை கூட்டிப்போய் ஓடையைக் காட்டினேன். செம்மண் நிறத்தில் தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது. ஒரு மரத்துண்டு வந்து பாறையில் மோதிக் கவிழ்ந்து போயிற்று. மகளின் விரல்கள் என் கையை இறுக்கின.

திரும்பி நடக்கும்போது விடை ஒன்று உண்டாக்க எனக்கு மனம் வரவில்லை. புதிருக்கு விடையே கிடையாது, உங்களை நிறுத்துவதற்காகச் சொன்னது என்று உள்ளதைச் சொன்னேன். மகள் என் கையை இழுத்து நிறுத்தினாள்.

"அப்ப அந்தக் காவல்காரர் நல்லவரா, கெட்டவராப்பா? பொய் சொல்லித்தான எங்கள நிப்பாட்டுனாரு?"

உடனே மகன், "நல்லவருதான். பூனையையே குடுக்கிறேன்னாரே" என்றான். அவள் சிரிக்கவில்லை. காலையில் அந்த அக்கா சொன்னதும் நிஜமா என்று கேட்டாள். நிஜம்தான் என்றேன். தோட்டத்துக்கு வந்ததும் நான் சொல்லாமலே அந்த அம்மாவிடம் போய் நின்றாள். "என்ன மகராசி, இப்பவாச்சும் ஸ்டோரு தெரியுதா?" என்று கேட்டு அந்த அம்மா அவள் ஈரத் தலையை முந்தானையால் துவட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகும் நான் கதை எழுதாமல் இல்லை. ஒரு புதிரை எழுதினால் அந்த இடமே தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டி, அவருக்கு எந்த வழி தோன்றுகிறது என்று கேட்டுக்கொள்கிறேன். வழியை மாற்றிச் சொல்லுகிறவன் இப்போதும் என் கதைகளில் வருவான். அவன் இல்லாவிட்டால் இப்போது கதை கேட்கிற பேரப்பிள்ளைகளுக்கு ருசிப்பதில்லை. ஆனால் சரியான வழி சொல்லுகிற ஒருவரும் பக்கத்திலேயே இருப்பார். இரண்டு பேரில் யாரை நம்புவது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். சொன்ன பேச்சைப் பேரப்பிள்ளைகள் கேட்காதபோது இன்றும் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. அதட்ட வாயைத் திறக்கும் அந்த நொடியில், என் எழுத்தில் ஒரு வரிகூட வாசிக்க முடியாத அந்த மனிதர் என் பிள்ளைகளின் விளையாட்டுக்குள் வந்து உட்கார்ந்து அவர்களைக் காத்தது நினைவுக்கு வந்து, என் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது.