நாவல் பழக் கறை

மாமா கார் வாங்கிய வருஷம் எனக்கு ஒன்பது வயது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. எரியோட்டில் தேங்காய் வியாபாரம். ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டி முடித்த கார்தான், ஆனால் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், அதைக் கழுவுவதற்கென்றே திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

"எங்கூர்த் தண்ணி உப்புக்கா. கழுவுனா வெள்ள வெள்ளையா திட்டு விழுகுது" என்பார். வெள்ளைக் காரில் வெள்ளைத் திட்டு எப்படித் தெரியும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "குடிக்கிறதுக்கே தண்ணியக் காணாம். கார் கழுவ வாரானாம் இங்க!" என்று சொல்லி ஒரே ஒரு வாளி தருவாள். துடைக்கும் வேலை எனக்கும் உண்டு. கார் பளிச்சென்று ஆனதும் முன் சீட்டில் என்னை உட்காரவைத்து பஸ் ஸ்டாண்டு வரை ஒரு சுற்று, அங்கே ஒரு ரோஸ்மில்க். ஆனால் ஒரு பொட்டுக் கறை மிச்சம் இருந்தாலும் கார் நகராது. அது மாமா போட்ட சட்டம்.

எங்கள் வீட்டு வாசலில் நல்ல வேப்பமர நிழல் இருந்தது. மாமாவோ எதிர்வீட்டு நாவல் மரத்தடியில்தான் காரை நிறுத்துவார். ஆடி மாதம். பழம் பொத்துப் பொத்தென்று விழும். மைனாக்கள் வேறு தின்றதையெல்லாம் ஊதா நிறத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும். மாமா துணியை வைத்துத் தேய்ப்பார், ஆனால் கண் கறையில் இருக்காது. எதிர்வீட்டு மாடியில் இருக்கும். அங்கே ஓர் அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள். காந்திகிராமத்தில் விடுதியில் தங்கிப் படித்துவந்தவள், ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பாள். மாடியைப் பார்த்துக்கொண்டே தேய்த்தால் கறை எந்தக் காலத்தில் போகும்? வெயில் ஏறும், ரோஸ்மில்க் தள்ளிக்கொண்டே போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் நேரே எதிர்வீட்டுக்குப் போய் அக்காவின் அப்பாவிடம் புகார் சொன்னேன். உங்கள் மரம் எங்கள் மாமா காரை நாசமாக்குகிறது என்றேன். பாவம், நல்ல மனுஷர். அடுத்த ஞாயிறு மாமா வருவதற்குள் ஆளை வைத்துத் தெருப்பக்கத்துக் கிளையை வெட்டிப்போட்டுவிட்டார்.

மாமா வந்து இறங்கி அண்ணாந்து பார்த்தார். கிளை இருந்த இடத்தில் வெறும் வானம்.

"எவன்டா இந்த வேலயப் பாத்தது?"

"நான்தான் மாமா!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லா இரு தாயி" என்றார். அன்றைக்கு ஒரே நொடியில் கார் சுத்தமாகிவிட்டது. ரோஸ்மில்க் குடிக்கும்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு கார் அதே இடத்தில், கொளுத்தும் வெயிலில் நின்றது. பானெட் முழுக்க ஊதாக் கறை! மேலே கிளையே இல்லாமல் எப்படி? பழைய துணி எடுக்கலாமென்று டிக்கியைத் திறந்தேன். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால், பாதி நசுங்கிய நாவல் பழம். எனக்கு ரத்தம் கொதித்தது.

"மாமா! யாரோ வேணும்னே பழத்தப் பிதுக்கித் தேச்சிருக்காங்க! பழம் நம்ம டிக்கிலயே இருக்கு!"

தெருவுக்கே கேட்டிருக்கும். மாமா ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். மாடியில் அக்கா கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு முதல்முறையாகக் கீழே இறங்கி வந்தாள், கையில் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியோடு.

"பரபரன்னு தேச்சா பெயின்ட்டுதான் போகும். துணியப் போட்டு செத்த நேரம் ஊற விடணும்."

துணியைக் கறைமேல் விரித்துவிட்டு அக்கா ஒரு பக்கமும் மாமா ஒரு பக்கமும் நின்றார்கள். நடுவில் நான். துணி வெயிலில் காய்ந்தே போனது. இருவரும் கவனிக்கவில்லை. நான்தான் ஓடி ஓடித் தண்ணீர் தெளித்தேன்.

அக்கா சொன்னது சரிதான். ஊறிய கறை ஒவ்வொன்றாக வந்துவிட்டது. லைட்டுக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்று பாக்கி. நான் துணியோடு பாய்ந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது கெடக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்."

என்னிடம்தான் சொன்னாள், ஆனால் மாமாவைப் பார்த்துச் சொன்னாள். மாமா தன் சட்டத்தையே மறந்து, கறையோடேயே காரைக் கிளப்பினார். எனக்கு இரண்டு ரோஸ்மில்க். அப்படி ஒரு சந்தோஷமான சவாரி அதற்குமுன் எனக்கு வாய்த்ததில்லை.

இருந்தாலும் மனசு ஆறவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். "அந்த அக்காவுக்கு ஒரு வேலயக்கூட முழுசா முடிக்கத் தெரியலம்மா. கறைய அப்படியே விட்டுருச்சு."

அம்மா தோசைக் கரண்டியோடு திரும்பினாள். அக்கா என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று மறுபடி மறுபடி கேட்டாள். சொன்னேன். அடுப்பை அணைத்தாள்.

சாயங்காலம் அம்மா பட்டுப்புடவை கட்டினாள். அப்பாவைச் சலவை வேட்டிக்கு மாறச் சொன்னாள். தட்டில் பூவும் பழமும் எடுத்து வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குக் கிளம்பினாள். விட்டுப்போன கறையைப் பற்றி நியாயம் கேட்கத்தான் போகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு எதற்குப் பட்டுப்புடவை என்பதுதான் விளங்கவில்லை.

"நானும் வாரேம்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டேன். "கறை எந்த எடத்துல இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்."