தனியா ஏறாது

இரண்டு வருடங்களுக்கு முன், லுணுகலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் நடந்தது இது. நான் பண்ணை இயந்திரங்கள் பற்றிப் படித்து முடித்து, பதுளையில் ஒரு வேர்க்‌ஷொப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அப்பா, தேயிலைக்குக் கீழே பள்ளத்தில் குத்தகைக் காணி எடுத்து கோவா, அதாவது முட்டைக்கோஸ், போட்டிருந்தார். எங்களிடம் இருந்தது ஒரு சின்ன நாலு சக்கர டிரக்டர். அதைக் கொடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்று எடுக்க வேண்டும் என்று அப்பா ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எடுத்தால் நாலு வருடம் லீசிங் தவணை கட்ட வேண்டும். வேண்டாம் என்பது என் கட்சி.

கட்சி என்றால் சும்மா இல்லை. பட்டியல் போட்டிருந்தேன். பாத்தி ஓரத்தில் திரும்ப இடம், டயர் அகலம், மண் இறுகுவது, டீசல், உதிரிப்பாகம் என்று பதினான்கு விடயங்கள். பதின்மூன்றில் சின்னதுக்கே வெற்றி. பாக்கி இருந்தது ஏத்தம் மட்டும். கோவா மூட்டைகளை மெயின் ரோட்டில் லொறிக்குச் சேர்க்க வேண்டுமானால், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை ஒட்டிய செங்குத்தான வளைவில் டிரக்டர் ஏறியாக வேண்டும்.

"அது தனியா ஏறாதும்மா" என்றார் அப்பா.

ஆறு வருடமாக ஓட்டுகிறவர். தன் கை படாமல் வண்டி நகராது என்று பெருமை பேசுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. என் டிப்ளோமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு வாரம் லீவு போட்டேன்.

மூன்று நாள் சோதித்தேன். சோதனை என்றால் முறையாக இருக்க வேண்டும் அல்லவா? தினமும் அதே பதினைந்து மூட்டை, அதே கியர், அதே மாலை நாலு மணி. அப்பா கீழே மூட்டை ஏற்றிவிட்டு அங்கேயே நின்றுகொள்வார். நான் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டுவேன். வளைவில் வண்டி கொஞ்சம் முனகும். பிறகு புத்தி வந்ததுபோல ஏறிவிடும். மூன்று நாளும் ஏறியது. பட்டியலில் மூன்று சரி போட்டேன். கூடவே, அப்பா ஓட்டும் முறையில் ஒரு குறையும் எழுதிவைத்தேன்: 'மேலே ஏறியதும் காரணமில்லாமல் இரண்டு தடவை ஹோன் அடிப்பது. தவிர்க்கவும்.'

பழைய வண்டியைப் பார்க்க, பதுளையில் டிரக்டர் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் வருவதாக இருந்தது. அவர் கண்முன்னாலேயே ஏற்றிக் காட்டி, விஷயத்தை முடித்துவிடலாம் என்று நாள் குறித்தேன்.

"அன்னைக்குப் போயா லீவு" என்றார் அப்பா.

"நல்ல நாள்தானேப்பா."

"நல்ல நாள்தான். ஆனா யாருக்கும் வேலை இல்லியே..."

"அப்பதான் ரோட்டுல இடைஞ்சல் இருக்காது."

அப்பா பேச்சை நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்தினால் நான் ஜெயித்ததாக எண்ணிக்கொள்ளும் வழக்கம் அப்போது எனக்கு இருந்தது.

பௌர்ணமிப் போயா அன்று காலை பத்து மணிக்கு நானா வெள்ளைச் சட்டையோடு வளைவோரம் நின்றார். பக்கத்தில் அப்பா. நான் ஏத்தத்தில் ஏறினேன். வளைவில் வண்டி முனகியது. புத்தி மட்டும் வரவில்லை. பின்சக்கரம் சும்மா சுற்றியது, முன்சக்கரம் ஒரு சாண் தூக்கியது, பிறகு முழு வண்டியும் பின்னால் போகத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தேன். டிரெய்லர் முறுக்கிக்கொண்டு போய் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் உட்கார்ந்தது. அது அங்கே உட்காராமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

இரண்டு மூட்டை வாய் பிரிந்து, கோவாக்கள் லயத்தைப் பார்க்க உருண்டன. நானா ஒன்றைக் குனிந்து பிடித்தார்.

"மகள், நல்ல வண்டிதான்" என்றார். "எறங்குறதுக்கு."

லயத்துக் கதவுகள் திறந்தன. நாலு பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்த அக்காவின் இடுப்பில் எங்கள் கோவா ஒன்று.

"என்னா பாப்பா, எங்கள வுட்டுட்டா ஏறப் பாத்த?"

"உங்கள விட்டுட்டா?"

"தெனம் நாலு மணிக்கு யாரு தள்ளுறதாம்? ஒங்க டீசலா?"

அப்போதுதான் விளங்கியது. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நாலு மணிக்கு லயத்துக்கு ஏறி வரும் இந்த நாலு பேரும், வளைவில் டிரெய்லருக்குத் தோள் கொடுப்பது ஆறு வருட வழக்கம். மூட்டை உயரத்தில் எனக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை; எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவுமில்லை. தினமும் அதே நாலு மணி என்று நானே சட்டம் போட்டு, தினமும் அவர்களையும் சேர்த்துத்தான் அளந்திருக்கிறேன்.

"சொல்லியிருக்கலாமேக்கா?"

"நீ திரும்பிப் பாத்தியா? அப்பான்னா மேல போயி நமக்கு ரெண்டு ஹோன் அடிப்பாரு."

இன்னொரு அக்கா இரக்கத்தோடு சொன்னார்: "ஹோன் பழுதாக்கும்னு நெனச்சோம்."

நான் அப்பாவைத் தேடினேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேயிலைக்குள் கோவா பொறுக்கிக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

அன்றும், லீவு நாளில், அந்த நாலு பேர்தான் தள்ளி ஏற்றினார்கள். ஐந்தாவது ஆளாக வெள்ளைச் சட்டை நானா.

அடுத்த மாதம் பெரிய டிரக்டர் வந்தது. அது தனியாகவே ஏறுகிறது. அக்காமார் இப்போது தள்ளுவதில்லை. பள்ளத்திலேயே டிரெய்லரில் ஏறி உட்கார்ந்து லயம் வரை வருகிறார்கள். பாதுகாப்பு விதிப்படி அது தப்பு என்று படித்துக் காட்டினேன். "சரி, நீ மெதுவா ஓட்டு" என்றார்கள். பட்டியலில் சுமை என்ற இடத்தைத் திருத்தி, 'மூட்டை பதினைந்து, அக்காமார் நாலு' என்று எழுதிவிட்டேன்.

லீவில் வந்து நான் ஓட்டும் நாட்களில், அவர்களை இறக்கிவிட்டு மேலே ஏறியதும் இரண்டு தடவை ஹோன் அடிப்பேன். அந்த மூன்று நாள் திரும்பிப் பார்க்காமல் போனதற்கு இன்னும் அடித்துத் தீரவில்லை.