மூன்று கைத் தண்ணீர்

வெல்ஃபோர்டில் பிரசவம் என்றால் நேஷா ஸுபானுக்குத்தான் ஆள் போகும். வலி கண்ட அன்று வந்து பத்து நாள் அந்த வீட்டிலேயே தங்குவாள். தாயைக் குளிப்பாட்டுவது, குழந்தையைப் பார்ப்பது, சமைப்பது, துணி துவைத்துப் பெட்டி போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. பதினோராம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஸ்லோவேனிய மலையூர் ஒன்றில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் கப்பலேறி, இண்டியானாவில் நிலக்கரி வெட்டிக்கொண்டிருந்த புருஷனிடம் வந்து சேர்ந்தாள். ஆறு வருஷம் கழித்துச் சுரங்கம் அவனைக் கொண்டுபோனது. அதே குளிர்காலம் விஷக்காய்ச்சல் மகளைக் கொண்டுபோனது. உட்கார்ந்து அழ வசதியில்லாததால், கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரி ஒன்றில் தரை துடைக்கச் சேர்ந்தாள். துடைத்துக்கொண்டே பார்த்துக் கற்றாள். சில வருஷத்தில் அவர்களே அவளைப் பிரசவ அறைக்குள் கூப்பிட்டுக்கொண்டார்கள். அங்கே சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்று, சாகக் கிடக்கும் சிசுவுக்குப் பாதிரியார் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பது. பக்கத்தில் இருப்பவரே மூன்று முறை தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும். கத்தோலிக்க மருத்துவச்சிகளுக்கு அது தொப்புள்கொடி கட்டுவதைப் போல ஒரு வேலை.

1924ஆம் வருஷம் அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கார்களின் முன்விளக்குக்குக் கண்ணாடி வார்க்கும் தொழிற்சாலை ஊரில் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தவணையில் கார் வாங்கியவன் ரேடியோவுக்கும் தவணை கட்டினான். கையில் காசு புரண்ட அதே சமயத்தில்தான் கடைக் கண்ணாடிகளில் 'நூற்றுக்கு நூறு அமெரிக்கர்' என்ற அட்டைகளும் முளைத்தன. சனிக்கிழமை சாயங்காலம் பாண்டு வாத்தியத்தோடு வெள்ளை அங்கிச் சங்கத்தார் ஊர்வலம் போனார்கள். யூதன், கறுப்பன், கப்பலில் வந்தவன், எல்லாருக்கும் மேலே போப்பாண்டவரின் ஆளான கத்தோலிக்கன், இவர்களிடமிருந்து ஊரைக் காப்பாற்றப் போகிறார்களாம். அந்த அங்கிகளில் பலவற்றை நேஷாவே கஞ்சி போட்டுத் தேய்த்திருக்கிறாள். பிரசவ வீட்டுத் துணியில் அதுவும் ஒன்று.

ஆர்வில் டாக்கெட் வீட்டு அலமாரியிலும் ஓர் அங்கி இருந்தது. அவன் தொழிற்சாலையில் ஆறவைக்கும் சூளையைப் பார்த்துக்கொள்பவன். வார்த்த கண்ணாடியைச் சூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும். அவன் மனைவி வெர்னாவுக்கு அக்டோபரில், ஏழு வாரம் முன்னதாகவே வலி எடுத்தது. டாக்டர் பக்கத்து ஊரில் மாட்டிக்கொண்டார். நேஷாதான் குழந்தையை எடுத்தாள். ஒரு கையில் அடங்கும் பெண் குழந்தை. நீலம் பூத்திருந்தது, மூச்சில்லை. தேய்த்தாள், தலைகீழாகப் பிடித்தாள், வாயில் ஊதினாள். ஒன்றும் நடக்கவில்லை. உடனே ஜாடியிலிருந்து தண்ணீரைக் கையில் அள்ளி, மூன்று முறை தலையில் ஊற்றிச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். குழந்தை விக்கியது. பூனைக்குட்டி போலக் கத்தியது.

சில்லென்ற தண்ணீர் பட்டால் அப்படி ஆவது உண்டு என்று நேஷாவுக்குத் தெரியும். அற்புதம் என்று அவள் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் வாசற்படியில் வெந்நீர்ப் பாத்திரத்தோடு ஆர்விலின் அக்கா ஐடெல்லா நின்றுகொண்டிருந்தாள். சங்கத்தின் பெண்கள் பிரிவுக்கு அவள்தான் செயலாளர்.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சங்கத்துக்காரன் வீட்டுப் பிள்ளையைப் போப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டாள் கிழவி. ஐடெல்லா தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஒன்று, தான் செய்தது செல்லாது என்று நேஷா எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் சனிக்கிழமைக்குள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

மறுநாள் வந்த டாக்டர், எரிவாயு அடுப்பின் திறந்த கதவுமேல், சூட்டுக்காகச் செருப்புப் பெட்டிக்குள் பஞ்சில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். பேனாவுக்கு மை நிரப்பும் சொட்டுக் குழாயால் மணிக்கு ஒருமுறை தாய்ப்பால் புகட்டும் நேஷாவையும் பார்த்தார். "இந்தம்மா போனா குழந்தையும் போயிரும்" என்று ஆர்விலிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

ஆர்வில் சமையலறைக்கு வந்து தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றான்.

"நேஷாம்மா, அதைத் திரும்ப எடுத்துக்க முடியாதா?"

"பால்ல கரைஞ்ச சர்க்கரையை எடுப்பியா தம்பி?"

"செல்லாதுன்னு வாயால சும்மா சொல்லிருங்களேன்."

"எங்க சபையில அது செல்லும். செல்லாதுன்னு நான் எப்படிச் சொல்றது? நீ கையைக் கழுவிட்டு வா. சனிக்கிழமை என்னை அனுப்பப்போறேன்னா அதுக்குள்ள நீ கத்துக்கணும். வெர்னாவுக்குக் காய்ச்சல், அவளால எழுந்திரிக்க முடியாது."

தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு அவன் கற்றுக்கொண்டான். குழாயைப் பிடிக்கத் தெரியாமல் முதல் நாள் பாதிப் பாலைக் குழந்தையின் காதில் ஊற்றினான். "அந்தப் பக்கம் வயிறு இல்ல" என்றாள் நேஷா. ஆனால் சூடு விஷயத்தில் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. புறங்கையைப் பெட்டிக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்ப்பான். "ஒரு இழை கூடுதலா இருக்கு" என்று சுடரைக் குறைப்பான். வெப்பமானியை வைத்துப் பார்த்தால் அவன் சொன்னது சரியாக இருக்கும். நேஷா வெப்பமானியை எடுத்துப் பையில் போட்டுவிட்டாள். இரண்டாம் நாள் அவன் குழந்தையிடம் தொழிற்சாலைக் கதைகள் சொல்லிக்கொண்டிருந்தான். அதை அவள் காதில் வாங்காத மாதிரி உருளைக்கிழங்கு உரித்தாள்.

சனிக்கிழமை வந்தபோதும் குழந்தை நிலையாகவில்லை. ஒரு நாளில் இரண்டு முறையாவது மூச்சை மறந்துவிடும்; நேஷா உள்ளங்காலைச் சுண்டி நினைவுபடுத்துவாள். அந்தச் சுண்டுதலை மட்டும் ஆர்விலால் கற்றுக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு முறையும் கை உறைந்துபோனது. இருந்தும் நேஷா தன் பையைக் கட்டி வைத்தாள். சொன்ன தேதியை மாற்றச் சொல்லி யாரிடமும் கெஞ்சி அவளுக்குப் பழக்கமில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐடெல்லாவும் இரண்டு பெண்களும் வந்து முன்கதவைத் தட்டினார்கள். ஆர்வில் பால் புகட்டிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. மறுபடி தட்டினார்கள். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு சமையலறை ஜன்னலுக்கு வந்தார்கள்.

"ஆர்வில், கதவைத் திற. அவ கிளம்பிட்டாளா இல்லையா?"

"கதவைத் திறந்தா குளிர் உள்ள வரும்க்கா. குழந்தைக்கு ஆகாது."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. போப்போட ஆளை இன்னும் எத்தனை நாள் சோறு போட்டு வச்சிருப்ப?"

அவன் குழாயிலிருந்து இன்னொரு சொட்டு விட்டு, குழந்தை விழுங்கும்வரை காத்திருந்தான்.

"அக்கா, நம்ம சபையில ஞானஸ்நானம்னா என்ன? விவரம் தெரிஞ்ச வயசுல ஆத்துல முழுசா முங்கி எழுந்திரிக்கறது. உனக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். பச்சப்புள்ள தலையில ஊத்தினா அது கணக்குலயே கிடையாதுன்னு நம்ம பாஸ்டர் எத்தனை தடவ சொல்லியிருக்காரு? அப்ப இவங்க ஊத்தினது வெறும் தண்ணி. வெறும் தண்ணி ஊத்தினதுக்கு ஒரு பொம்பளையை வீட்டைவிட்டு விரட்டச் சொல்றியா? இல்ல, அவங்க சபை சொல்றதுதான் சரின்னு ஒத்துக்கறியா?"

ஐடெல்லா ஜன்னலைவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். கூட வந்தவர்களில் ஒருத்தி தன் கையுறையைப் பார்த்துக்கொண்டாள்.

நேஷா அடுப்பருகே நின்றுகொண்டிருந்தாள். வெறும் தண்ணீர் என்ற சொல் அவளுக்கு நெஞ்சில் தைத்தது. இத்தனை வருஷத்தில் இதே போலத் தண்ணீர் ஊற்றி, பிழைக்காத சில குழந்தைகளைத் தன் கையால் அனுப்பிவைத்தவள். அது வெறும் தண்ணீர் என்றால் அவர்களெல்லாம் என்ன ஆனார்கள்? மறுத்துப் பேச ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியத்தில் இந்தக் குழந்தை போய்விடும். அவள் பையைப் பிரித்து ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஜன்னலில் ஆள் இல்லை என்று ஆனபிறகு நேஷா ஆர்விலின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எத்தனை சொட்டு போச்சு?" என்று கேட்டாள்.

"பதினாலு."

"இன்னும் எட்டு இருக்கு. குடு."

பத்து நாள் ஏழு வாரமாக நீண்டது. குழந்தை மூச்சை மறப்பதை நிறுத்தியது; வெர்னாவின் மார்பில் தானாகக் குடிக்கப் பழகியது. இதற்காகத் தொழிற்சாலையில் ஆர்விலைச் சூளையிலிருந்து எடுத்து மூட்டை கட்டும் இடத்தில் போட்டார்கள். அலமாரியிலிருந்த அங்கியை அவன் எரித்தான் என்றெல்லாம் சொல்ல முடியாது. அது அங்கேயே மடிந்து கிடந்தது, அந்தக் குளிர்காலம் அவன் அதை எடுக்கவில்லை, அவ்வளவுதான். நேஷாவை அதன்பிறகு வெல்ஃபோர்டில் ஒரு வீடும் கூப்பிடவில்லை. பிள்ளை பெறும் நாள் நெருங்கியிருந்த மூன்று பேர் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் தெற்கே, சுரங்கக்காரர்கள் இருக்கும் ஊருக்குப் போக முடிவு செய்தாள். அங்கேயும் பிள்ளைகள் பிறக்கத்தான் செய்கின்றன.

கிளம்பும் அன்று குழந்தையை எப்படித் தூக்க வேண்டும், எதற்கு டாக்டரைக் கூப்பிட வேண்டும், எதற்குக் கூப்பிடத் தேவையில்லை என்று வெர்னாவுக்கு இரண்டு முறை சொன்னாள். வெர்னா அழுதாள். அழுதால் பால் வற்றும் என்று நேஷா அதட்டினாள்; அது உண்மையில்லை என்று அவளுக்கே தெரியும்.

கொல்லைப்புறச் சந்து வழியாகப் போனால் ஸ்டேஷன் பக்கம். ஆர்வில் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தான். பட்டப்பகல், சம்பள நாள், ஊரே வெளியே நின்றது. அட்டை மாட்டிய கடைகளின் வாசலில் நின்றவர்களுக்கு அவன் ஒவ்வொருவராகத் தலையசைத்தான். சிலர் பதிலுக்கு அசைத்தார்கள், சிலர் உள்ளே போய்விட்டார்கள். நேஷா அவன் பக்கத்திலேயே, வேகத்தைக் கூட்டாமல் நடந்தாள்.