எந்த நிதிக்கும் பொருந்தாத பெண்கள்

மலேசியாவின் குனோங் ராபாட்டில் குடியிருந்துகொண்டு, ஈப்போவில் ஒரு தாதியர் கல்லூரியில் பாடம் நடத்தும் துளசிக்குப் பணம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆய்வுப் பணம் உலகமெங்கும் கொட்டிக் கிடந்தது. அவள் ஆராய நினைத்த பெண்கள்தான் எந்தப் பணத்துக்கும் பொருந்தாமல் நின்றார்கள்.

சிம்பாங் பூலாய் பக்கம் ரப்பர் மரமெல்லாம் போய் தொழிலாளர் லயத்து வீடுகள் மட்டும் மிஞ்சிய பழைய தோட்டம். அங்கே மாதவிலக்கு நின்று வருஷக்கணக்கான பிறகும் ரத்தம் படுகிற பெண்கள் ஏன் வாயைத் திறப்பதில்லை, ஏன் புற்றுநோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று ஆராய வேண்டும். அவளுடைய சித்தி அப்படித்தான் போய்ச் சேர்ந்தாள்.

மகளிர் நல நிதியில், "கர்ப்பிணிகள் உண்டா?" என்றார்கள். முதியோர் நிதியில், "இன்னும் வயசாகலையே" என்றார்கள். புற்றுநோய் நிதியிலோ நோயாளிகள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தானே ஐயா பணம் என்றாள். கண்டுபிடித்துவிட்டு வாருங்கள், தருகிறோம் என்றார்கள். நியாயம்தானோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் கோலாலம்பூர் அறக்கட்டளை ஒன்று, அந்த ஊர்ப் பிரதிநிதிகளோடு வீடியோவில் பேச வேண்டும் என்றது. துளசி அதே தோட்டத்தில் பிறந்தவள். அங்கே தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் சரி, கல்யாணம் முறிந்தாலும் சரி, கோயில் கமிட்டியிடம்தான் சொல்வது. கை தானாகவே தலைவர் பழனியப்பனுக்கு ஃபோன் போட்டது.

சனிக்கிழமை, கோயில் மண்டபத்து முன்வரிசை முழுக்கக் கமிட்டி. கமிட்டி முழுக்க ஆண்கள். பெண்கள் பின்னால் தேத்தண்ணி கலக்கினார்கள். திரையில் அறக்கட்டளை அதிகாரி ஷப்னம் வணக்கம் சொல்லி, "இங்க பெண்களுக்கு உடம்புக்கு என்னங்க பிரச்சினை?" என்றாள்.

பழனியப்பன் எழுந்தார். வெளியூர் ஆள் முன்னால் தோட்டத்து மானத்தை விட்டுக்கொடுப்பதா?

"எங்க பொம்பளைங்களுக்கு ஒரு நோவும் இல்லைங்க. எல்லாம் அம்மன் புண்ணியம்."

கமிட்டி கைதட்டியது. துளசி அவர் பக்கத்தில் ஓடினாள். "அண்ணே, நோவு இருந்தாத்தான் காசு குடுப்பாங்க" என்று காதோடு சொன்னாள்.

"முன்னாடியே சொல்றதில்லையாம்மா?" என்றவர் திரையைப் பார்த்து, "எல்லா நோவும் இருக்குங்க!" என்றார்.

ஷப்னம் விழித்தாள். "இதுல எத எழுதிக்கிறது?"

தேத்தண்ணித் தட்டோடு தலைவரின் மனைவி நல்லம்மாள் வந்தாள். "இவருக்கு என்னா தெரியும்? வீட்டுல உப்பு எங்க இருக்குன்னே தெரியாது."

"நீ போய் வேலையப் பாரு லா."

"கமிட்டி வெளிய போகட்டும். நாங்க சொல்றோம்."

கமிட்டி வெளியே போய், மோட்டார் சைக்கிள்களின் மேல் உட்கார்ந்து, உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று ஆழ்ந்து யோசித்தது. உள்ளே பெண்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். கடைசியில் நல்லம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் தீவாளியிலேர்ந்து படுது. சூடுன்னு நெனச்சு எளநி குடிச்சேன்."

"விண்ணப்பத்த அடுத்த சுற்றுக்கு அனுப்பறேன். முடிவு வர ஆறு மாசம் ஆகும்" என்றாள் ஷப்னம்.

துளசிக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. நல்லம்மாளிடம் திரும்பினாள். "அக்கா, நீங்க அதுக்குக் காத்திருக்க வேணாம். திங்கக்கெழமையே டாக்டரப் பாக்கலாம், நானும் வாரேன்."

"பணம் வரலையே?"

"அது ஆராய்ச்சிக்குக்கா. ஒங்களுக்கு இல்ல."

வாசலில் பழனியப்பன் மறித்தார். "கெடச்சிருச்சா? நம்ம பேச்சுதான் லா காரணம்!"

"திங்கக்கெழமை காடிய எடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள் நல்லம்மாள்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

கமிட்டி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் சட்டைப் பையில் கார்ச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "எத்தன மணிக்கு?" என்றார்.