மாடு மறிக்கத் தெரிந்தவள்

சனிக்கிழமைக்குள் வாங்க யாரும் வராவிட்டால் திங்கட்கிழமை இறைச்சிக்கு எடுப்பவரின் லொறி வரும் என்று பண்ணைக்காரி சொன்னார். சொல்லிவிட்டுக் கையிலிருந்த சாணம் அள்ளும் சவளைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. எடுத்துச் சாய்த்தார். திரும்பவும் விழுந்தது. மூன்றாம் முறை அவர் குனியவில்லை. பெட்டைக் குதிரை லாயத்துக்குள் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு காதை எங்களிடம் தந்துவிட்டு, மற்றக் காதை வேலிக்கு அப்பால் மேய்ந்த மாடுகளிடம் கொடுத்திருந்தது.

"பதினாறு வயசுக் குதிரையை ஆர் வாங்குவினம்? சின்னப் பிள்ளையளை முதுகில ஏத்தினால் உதறுது. வண்டில் இழுக்காது. அழகுக்கு வைச்சிருக்கவும் ஏலாது, கழுதை மாதிரி நிறம்."

அவர் பேசியது பிரெஞ்சு. என் நினைவில் அது என் ஊர்த் தமிழாகவே தங்கிவிட்டது. தங்கியபடியே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பியர்பொன்ட்ஸில், ஆற்றுத் தீவில் கட்டிய பெருநகரத்தின் ஓரத்தில். அங்கிருந்து மேற்கே போய்ப் பாலம் கடந்தால் தீவு முடிந்து வயல்கள் தொடங்கிவிடும். துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவன் நான். இடுப்பு விட்டுப்போய், வேலை போய், எட்டு மாதம் வீட்டுக்குள் யன்னலுக்கு யன்னல் நடந்தேன். நடந்த பாதை கம்பளத்தில் தெரிந்தது. மனைவி ஒருநாள் அதைக் காட்டி, "இஞ்சேருங்கோ, இதில வாய்க்கால் வெட்டி வெங்காயம் வைப்பமோ?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் லாயம் கூட்ட ஆள் தேவை என்ற துண்டுப் பேப்பரைக் கண்டு இந்தப் பண்ணைக்கு வந்தேன். கோயில் வேட்டைத் திருவிழாவின் மரக்குதிரைதான் அதுவரை நான் கிட்ட நின்று பார்த்த ஒரே குதிரை. அது கண் மூடாது. சாணமும் போடாது.

இவள் இரண்டும் செய்தாள். இவளை 'அது' என்று எழுதக் கை வரவில்லை. குள்ளம். எலி நிறம். பிடரியிலிருந்து வால் வரைக்கும் முதுகின் நடுவே ஒரு கறுப்புக் கோடு, மை தொட்டு ஒரே இழுப்பில் இழுத்ததுபோல. முழங்காலில் வரி. ஸ்பானியர்கள் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இந்தக் கண்டத்தில் இறக்கிய குதிரைகளின் வழிவந்தவள் என்று பண்ணைக்காரி சொல்லியிருந்தார். ஸ்பானியர்களின் ஊரில் காளைகளோடு மல்லுக்கட்டப் பழகிய இனம். வந்த இடத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு மேற்குச் சமவெளிகளில் காடேறி, பின்பு மாட்டுக்காரர்களின் கையில் திரும்பவும் அகப்பட்ட இனம். இவளும் மேற்கே ஒரு மாட்டுப் பண்ணையில் ஏழெட்டு வருடம் வேலை செய்துவிட்டு லொறியில் இங்கே வந்தவள்.

"மாட்டைப் படிக்கத் தெரிஞ்சவள்," என்றார் பண்ணைக்காரி. "அதை ஒருத்தரும் பழக்க ஏலாது. தாயின்ர வயித்துக்குள்ளயே கொண்டு வாறது."

நான் நம்பவில்லை, ஜூன் மாதம் வரைக்கும். அன்று பக்கத்துப் பண்ணையின் ஆறு நாகுகள், இன்னும் கன்று போடாத இளம் பசுக்கள், வேலி முறித்துக்கொண்டு எங்கள் பக்கம் புகுந்தன. நான் கையை விரித்து அங்குமிங்கும் ஓடினேன். இடுப்பு அலறியது. மேய்ச்சல் நிலத்தில் சேணமில்லாமல் நின்ற இவள் தலையை நிமிர்த்தினாள். பிறகு தாழ்த்தினாள், மண்ணை மணப்பவள்போல. காதுகள் பின்னால் படிந்தன. ஓடவே இல்லை, நடந்தாள். முன்னால் போன நாகு இடப்பக்கம் திரும்ப நினைத்தது. நினைத்ததுதான், திரும்பவில்லை. அதற்குள் இவள் அங்கே நின்றாள். மாட்டின் தோளுக்குள் ஓர் எண்ணம் அசைவதை வெளியிலிருந்து வாசிக்க முடியுமா? இவள் வாசித்தாள். ஆறையும் வந்த துளையாலேயே திருப்பி அனுப்பிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலப் புல்லுக்குத் திரும்பினாள். நான் வேலித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டு மாதமாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்த இடத்தில் நின்றது. ஒருவர் தான் எதற்காகப் பிறந்தாரோ அதைச் செய்யும்போது பார்த்திருக்கிறீர்களா? பார்த்தால் பிறகு அவரைச் சாகவிட முடியாது.

ஆனால் பண்ணை விற்றுப்போனது. பண்ணைக்காரிக்கு இடுப்பெலும்பு மாற்றவேண்டும். நகரத்தில் லிஃப்ட் உள்ள ஒரு வீட்டுக்குப் போகிறார். மற்றக் குதிரைகளை, சவாரி படித்த பிள்ளைகளின் வீட்டார் ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார்கள். இவள்தான் மிச்சம். மூன்று கிழமை நான் கண்ட இடமெல்லாம் அறிவித்தல் போட்டேன். கடைசியில் தெற்கேயிருந்து ஒருவர் அழைத்தார். இறைச்சி மாடு வளர்ப்பவர். வயது பரவாயில்லையாம். சனிக்கிழமை காலை வருவாராம். தானே ஏறி, மாட்டை மறிக்கிறாளா என்று தன் கண்ணால் பார்க்கவேண்டுமாம். பக்கத்துப் பண்ணைக்காரரும் தன் நாகுகளைத் தரச் சம்மதித்தார்.

இனி என் பிழை.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் மச்சமில்லை, மரக்கறிதான். மனைவி விளக்கு வைப்பாள். நான் மாடுகளுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து, வெள்ளி தவறாமல் ஒரு பையில் வாழைப்பழமும் கீரையும் கட்டித் தந்தாள். "பசுவுக்குக் குடுத்திட்டு வாங்கோ. அப்பவாவது உங்கட இடுப்புச் சுகம் வரட்டும்." நான் கொடுத்தேன். வேலியோடு நின்று, வாம்மா, வாம்மா என்று கூப்பிட்டு, உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தேன். பக்கத்தில் இவளும் நிற்பாள், தன் பங்குக் கரட்டுக்காக. பண்ணைக்காரி ஒருமுறை கண்டுவிட்டு, "கையால தீத்தாதை. மாடு மனிசனுக்குப் பயப்பிடவேணும், குதிரைக்கும் பயப்பிடவேணும்," என்றார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். மாட்டுக்குத் தீனி கொடுப்பது பாவம் என்று சொல்ல உலகத்தில் ஓர் ஆள் இருக்கக்கூடுமென்று என் மண்டைக்குள் ஏறவில்லை. லொறிக் கதை வந்த பிறகோ வெள்ளி மட்டும் போதாமல் போயிற்று. இவள் தப்பவேண்டுமென்று நாள் தவறாமல் கொடுத்தேன். மனைவி கடையில் கறுத்துப்போன பழங்களை ஒரு பெட்டியாகவே வாங்கி வந்தாள். நெற்றியில் வெள்ளை விழுந்த நாகு என் கார்ச் சத்தம் கேட்டதுமே ஓடி வரத் தொடங்கியது. எனக்குச் சந்தோஷம். புண்ணியம் சேருகிறது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை புல்லில் உறைபனி. தெற்கிலிருந்து வந்தவர் தடித்த மனிதர், தொப்பி, கோப்பி மணம். குதிரையின் வாயைத் திறந்தார், காலைத் தூக்கினார். தன் சேணத்தைப் போட்டு ஏறினார். நாங்கள் ஆறு நாகுகளையும் வட்ட அடைப்புக்குள் விட்டோம். நான் வெளியே, வேலியில் சாய்ந்து நின்றேன்.

அவர் மந்தைக்குள் மெதுவாகப் போனார். ஒன்றைத் தனியே பிரிக்கவேண்டும். பிரிந்தது மந்தைக்குத் திரும்பிப் போகத் துடிக்கும். அதைப் போகவிடாமல் மறிப்பதுதான் சோதனை. வெள்ளை நெற்றிக்காரியைப் பிரித்தார். அவள் திரும்பி ஓடவில்லை. நேரே என்னிடம் நடந்து வந்து, வேலி இடுக்கால் மூக்கை விட்டு என் சட்டைப் பையை மணந்தாள். அவளைக் கண்டு மற்ற ஐந்தும் வந்தன. ஆறு மூக்கு. ஆறு நாக்கு. குதிரை கிட்ட வந்தபோது ஒன்றுகூட அசையவில்லை. எத்தனை நாள் அவளுக்குப் பக்கத்தில் நின்று தின்றவை! என் குதிரை, தலையைத் தாழ்த்துவதற்கு எதுவும் இல்லாமல், வாலை இரண்டு தரம் ஆட்டிவிட்டு நின்றாள்.

"உது மாடோ, நாயோ?" என்றார் தொப்பிக்காரர்.

பண்ணைக்காரி என்னைப் பார்த்தார்.

"ஆர் இதுகளுக்குத் தீத்தினது?" என்று தொப்பிக்காரர் கேட்டார்.

"நான்தான்."

"ஏன்?"

"வெள்ளிக்கிழமை," என்றேன்.

"இண்டைக்குச் சனிக்கிழமை," என்றார் தொப்பிக்காரர். இறங்கினார். சேணத்தின் வாரைத் தளர்த்தினார். "குதிரையில பிழை சொல்லேலாது. ஆனால் காணாததைக் கண்டனெண்டு சொல்லி வாங்கவும் ஏலாது. எனக்கு வீட்டில வேலை கிடக்கு."

அந்த வாரின் கொக்கி கழன்ற சத்தம் இப்போதும் என் பல்லுக்குள் இருக்கிறது. அவளைக் கொல்லப்போவது லொறிக்காரர் அல்லவே. என் கை. என் வாழைப்பழம். நான் கொடுத்த ஒவ்வொரு பழமும் அவளை ஒவ்வோர் அடியாக லொறிக்குள் ஏற்றியிருக்கிறது. வேலியோடு நடந்தேன். திரும்பி நடந்தேன். வாய்க்கால் வெட்டுகிற நடை. ஒரு பக்கம் போனால் நாகுகளும் அந்தப் பக்கம் வந்தன. மறுபக்கம் போனால் மறுபக்கம் வந்தன. நான் நின்றேன். அவையும் நின்றன. அப்போதுதான் கண்டேன்: இவற்றின் மந்தை நான்.

"ஐயா, ஒருக்கா!" கத்தியது பிரெஞ்சா, தமிழா தெரியாது. "ஒரே ஒருக்கா. மற்ற அஞ்சையும் வெளியில விடுவம். வெள்ளை நெத்தி மட்டும் நிக்கட்டும். நான் உள்ளுக்குப் போய் அந்தக் கரையில நிண்டு கூப்பிடுறன். அது என்னட்டை வராமல் மறியுங்கோ!"

"உன்னை மிதிச்சுப்போட்டுப் போகும்."

"போகட்டும்."

தொப்பிக்காரர் பண்ணைக்காரியைப் பார்த்தார். "உவனுக்கு விசரோ?"

"ஆறு மாசமா லாயம் கூட்டுறான்," என்றார் அவர், "இந்தக் குதிரையின்ர லாயத்தை மட்டும் ரெண்டு தரம் கூட்டுறவன். ஏறும்."

மற்ற ஐந்தையும் வெளியே விட்டபின் தொப்பிக்காரர் வாரை இறுக்கித் திரும்ப ஏறினார். காரிலிருந்து பையை எடுத்துக்கொண்டு அடைப்பின் தூரக் கரைக்குப் போனேன். இடையில் உறைந்த மண். அந்தப் பக்கம் வெள்ளை நெற்றிக்காரி. நடுவில் இவள். முழுப் பழத்தையும் உரித்து உயர்த்திப் பிடித்தேன்.

"வாம்மா."

நாகு புறப்பட்டாள். தொப்பிக்காரர் கடிவாளத்தைத் தளர விட்டார். கடிவாள வார் குதிரையின் கழுத்துக்குக் கீழே தொங்கியதைக் கண்டேன். அதன் பிறகு அவர் அங்கே இல்லை. இவள்தான் இருந்தாள். தலை இறங்கியது. காதுகள் படிந்தன. நாகு வலப்பக்கம் பாய்ந்தாள், இவள் அங்கே நின்றாள். இடப்பக்கம் பாய்ந்தாள், அங்கேயும் இவள்தான். முன்னங்கால்கள் இரண்டும் விரிந்து பனியில் சறுக்கி, பின்னங்கால் மடிந்து, வயிறு மண்ணைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்து, ஒரு பூனையைப்போல, இல்லை, மாட்டின் நிழல் மாட்டுக்கு முன்னால் விழுவதுபோல. கப்பலில் வந்த இரத்தம், காடேறிய இரத்தம், பதினாறு வயசு இரத்தம். நாகு கதறினாள். கதறியது என்னைப் பார்த்து. நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வாம்மா, வாம்மா. குரல் உடைந்தும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் குதிரை சாகும். புண்ணியத்துக்கென்று தீத்திய வாயை ஆசை காட்டி ஏமாற்றிக்கொண்டு நின்றேன். ஐந்து தரம், எட்டுத் தரம், பிறகு எண்ணவில்லை. கடைசியில் நாகு நின்றாள். நாக்கு வெளியே தொங்க, விலா ஏறி இறங்க, குதிரையைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். பிறகு திரும்பி மறு கரைக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

தொப்பிக்காரர் இறங்கி, இவளின் கழுத்தில் கையை வைத்தார். அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"வண்டியைப் பின்னுக்கு எடுக்கிறன்," என்றார். "கதவைத் திறவுங்கோ."

அவ்வளவுதான். இவள் ஏறுமுன் நான் முகத்தைத் தொடப் போனேன். ஒரு காதைத் தந்தாள். மற்றதை நாகு நின்ற பக்கம் திருப்பி வைத்திருந்தாள், வேலை இன்னும் முடியாததுபோல. கதவு மூடியது. பண்ணைக்காரி என் கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். பழம் நசுங்கி முழங்கை வரைக்கும் வழிந்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மனைவி வழக்கம்போலப் பையைக் கட்டித் தந்தாள். "குதிரை தப்பினது இதாலதான்," என்றாள். "நேர்த்தியை விடாதேங்கோ." லாயம் வெறுமை. கூட்ட ஒன்றுமில்லை என்றாலும் இரண்டு தரம் கூட்டினேன். பிறகு வேலிக்குப் போனேன். ஐந்து நாகுகள் ஓடி வந்தன. வெள்ளை நெற்றிக்காரி வரவில்லை. பாதி தூரம் வந்து, உழாத வயலில் யாரோ கோடு கீறி வைத்ததுபோல ஓரிடத்தில் நின்றாள். எங்களுக்கு நடுவில் குதிரை இல்லை. ஒன்றுமே இல்லை. நான் கூப்பிட்டேன். அவள் இடப்பக்கம் ஓர் அடி வைத்தாள், நின்றாள். வலப்பக்கம் ஓர் அடி. நின்றாள். பிறகு புல்லுக்குக் குனிந்தாள்.

அவளுடைய பழத்தை உரித்து வேலித் தூணின் மேல் வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் செருப்பைக் கழற்றுமுன்னரே மனைவி உள்ளிருந்து கேட்டாள்.

"எல்லா மாடும் திண்டதோப்பா?"

"ஓம்," என்றேன். யன்னலடிக்குப் போனேன்.